தலைக்கு ஊத்திக்கிட்டயா

இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடும்வரை உள்ளே கால் வைக்கக் கூடாது, கவுன்சிலாக இருந்தாலும் சரி, கவர்னராக இருந்தாலும் சரி, இந்த மர வளைவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். புல்வெளிக்கு அந்தப் பக்கம் செதுக்கிய முகப்போடு மாவோரிகளுடைய பெரிய கூடம் இருக்கிறது, அதன் முன்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுப்பார், அப்புறம்தான் நாம். இந்த இடத்துக்கு மராய் என்று பெயர், மராய் என்றால் கோயிலா, பஞ்சாயத்துக் கட்டடமா, சத்திரமா என்று வகுப்பில் நான் கேட்டதற்கு மேரேனா சிரித்துவிட்டு மூன்றும்தான், அதோடு சாவு வீடும் கல்யாண வீடும் அதுதான் என்றார். மேரேனா எங்கள் நகர கவுன்சிலுக்கும் மாவோரி மக்களுக்கும் நடுவே பேசுகிற வேலையில் இருப்பவர், செவ்வாய்க்கிழமை மதியங்களில் எங்களுக்கு மாவோரி மொழியின் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறவர், இப்போது கறுப்புப் பாவாடையோடு எனக்கு முன்னால் நிற்கிறார். பக்கத்தில் கிரெய்க், என் மேலதிகாரி, என்னைவிட ஆறு வயது சின்னவன், ஷூவை மட்டும் மூன்று தடவை குனிந்து பார்த்துவிட்டான். நான் ஈஸ்வரமூர்த்தி, கழிவுநீர்ப் பிரிவில் பொறியாளன், இங்கே எல்லோருக்கும் ஈஷ். இவர்களுடைய இடுகாட்டை ஒட்டிக் கழிவுநீர்க் குழாய் போகும் பாதைக்கு வரைபடத்தில் கோடு போட்டவன் நான்தான், அதனால் வந்தே ஆக வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணி, ஜூலை மாதம், இங்கே குளிர்காலம், மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சட்டைப்பையில் போன். போனுக்குள் அக்கா கேட்ட கேள்வி. தலைக்கு ஊத்திக்கிட்டயா. கேள்விக்குறி இல்லை, பூங்கொடி அக்கா என்றைக்கும் கேள்விக்குறி போட்டதில்லை. புதன்கிழமை சாயங்காலம் வந்தது, உடனே படித்துவிட்டேன், படித்துவிட்டேன் என்று இரண்டு நீலக் கோடுகள் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், பதில் மட்டும் இந்த நிமிஷம்வரை போகவில்லை. செவ்வாய்க்கிழமை அப்பா இறந்துபோனார். புதன்கிழமை எரித்தார்கள். இந்த ஊரில் அது ஒருவருக்கும் தெரியாது, நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருக்கிறேன், யாரும் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் செக்குமாடும் சிரிக்கும். இதோ கூப்பிடுகிறார்கள். கறுப்பு உடையில் ஒரு கிழவி, தலையில் பச்சை இலைகளைச் சுற்றியிருக்கிறார், குரல் அந்த உடம்பிலிருந்து வருகிறது என்று நம்ப முடியவில்லை, நீண்டு மேலே போய் அங்கேயே நிற்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து மேரேனா பதில் குரல் எடுக்கிறார். ஊரில் எழவு வீட்டுக்கு வருகிற பெண்கள் தெருமுனையிலேயே குரல் எடுத்துக்கொண்டுதான் வருவார்கள், வீட்டுக்குள் இருக்கிறவர்கள் அங்கிருந்தே பதில் எடுப்பார்கள், சாதாரண கூட்டத்துக்கு வந்தவனை எதற்கு இப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாதவன் பயந்துபோவான். எனக்குத் தெரியும். வகுப்பில் மேரேனா அந்த அழைப்பை வரி வரியாகச் சொல்லி விளக்கினார், நான் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். தூரத்து விருந்தாளிகளே வாருங்கள், உங்கள் இறந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்கள் இறந்தவர்களோடு அவர்களும் சேர்ந்து இருக்கட்டும், சேர்த்து அழுவோம். அப்போது அப்பா உயிரோடு இருந்தார், அடிக்கோடு நேராக வந்தது. நடக்கிறோம். பாதி வழியில் மேரேனா நிற்கிறார், நாங்களும் நிற்கிறோம், தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், இந்த இடத்தில்தான் அவரவர் தங்கள் செத்தவர்களை நினைத்துக்கொள்வது. கிரெய்க் நன்றாகக் குனிந்தான். நான் புல்லைப் பார்த்தேன். புல்லில் பனி அப்படியே இருந்தது. அப்பா முகத்தைக் கொண்டுவர முயன்றேன், போனில் பார்த்த ஐஸ் பெட்டியின் கண்ணாடிதான் வந்தது, கண்ணாடிமேல் படிந்த நீராவியும் அதைத் துடைத்த யாரோ ஒருவரின் துண்டும். வருத்தம் வருகிறதா என்று பார்த்தேன். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல. ஒன்றும் இல்லை. நடந்தோம்.

நாற்காலிகள் இரண்டு வரிசை, அவர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம், நடுவில் யாரும் குறுக்கே போகக் கூடாது. அவர்கள் பக்கத்துப் பெரியவர் கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து பேசுகிறார், முதலில் செத்தவர்களோடுதான் பேசுகிறார், போய் வாருங்கள், போய் வாருங்கள் என்று அவர்களை அனுப்பிவைத்துவிட்டுத்தான் உயிரோடு இருக்கிற எங்கள் பக்கம் திரும்புவார். எனக்குப் பாதி புரிகிறது. இந்த மொழி தமிழ்க்காரனுக்கு வராமல் இருக்க நியாயம் இல்லை, குறில் நெடில் அப்படியே இருக்கிறது, கிரெய்க் ஆறு மாதமாக நெடிலை நீட்டத் தெரியாமல் அல்லாடுகிறான், ஒன்றாம் வகுப்பு அட்டையில் படம்கூட இல்லாமல் அநாதையாகக் கிடந்த ங என்ற எழுத்து இங்கே வந்துதான் வார்த்தைக்கு முதலில் நிற்கிறது, அதை எனக்கு வகுப்பில் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மேரேனா என்னைத்தான் எல்லோருக்கும் முன்னால் சொல்லிக்காட்டச் சொல்வார். பெருமையாக இருந்தது, அதை அப்பாவிடம் போனில் சொன்னேன். போனில். செவ்வாய்க்கிழமை இங்கே ராத்திரி பத்து மணி, குக்கரில் சாதம் வைத்திருந்தேன், அக்கா அழவில்லை, அழுது முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருப்பாள். அப்பா போயிட்டாரு தம்பி, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவரு எந்திரிக்கல. நான் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மணி எதற்கு எனக்கு. அப்புறம் அவள் சொன்னாள், ஐஸ் பெட்டி சொல்லியாச்சு, வியாழக்கெழம சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்கலாம்னு தனபாலு சொல்றான், நீ வர்றயா கண்ணு. தனபால் என் சித்தப்பா மகன். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன், வெலிங்டன், சிங்கப்பூர், கோயம்புத்தூர், வியாழன் மதியத்துக்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பேன், கணக்கு சரியாக வந்தது. புதன்கிழமை சாயங்காலம் பொதுமக்கள் கூட்டம் இருந்தது, குழாய்ப் பாதையை நான் விளக்க வேண்டும். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. எடுத்துருங்க என்றேன். என்ன? வேண்டாங்க்கா, காத்திருக்க வேண்டாம், எடுத்துருங்க. அலுவலகத்தில் பைல் முடிந்தது என்று சொல்கிற அதே குரல். அக்கா செரி என்றாள். எடுத்துருங்க. மேசைமேல் இருக்கிற தட்டை எடுத்துருங்க. ஒரே ஒரு வார்த்தை, அதை இந்த நான்கு நாளில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் சுலபமாகவே வருகிறது.

பெரியவர் உட்கார்ந்தார், அவர்கள் பாடினார்கள், யார் பேசி முடித்தாலும் அவர் பேச்சுக்குத் துணையாக ஒரு பாட்டு பாட வேண்டும். கிரெய்க் பேசினான், நாங்கள் மூன்று பேரும் பாடினோம், மேரேனா பாடினார் என்று சொல்வதே நியாயம். இப்போது நான். யார் கோடு போட்டது என்று அவர்கள் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், அதனால் நீ எழுந்து பெபெஹா சொல்ல வேண்டும் என்று மேரேனா முன்னாலேயே சொல்லியிருந்தார். பெபெஹா என்றால் தன்னைச் சொல்வது, ஆனால் இங்கே தன் பேர் கடைசியில்தான் வரும், முதலில் உன் மலை எது, உன் ஆறு எது, உன் ஜனம் யார், உன் அப்பா யார், அதெல்லாம் சொன்ன பிறகுதான் நீ யார் என்பது. அரவக்குறிச்சிப் பக்கத்துக்காரனுக்கு மலைக்கு எங்கே போவது. போன மாசம் அப்பாவையே கேட்டேன். மலைன்னா ரங்கமலையச் சொல்லு, தெக்கால பாத்தா தெரியுமல்லொ என்றார். ஆறு? அமராவதி. கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுல தண்ணி இல்லீன்னு அங்க போய்ச் சொல்லிப்போடாதே என்றார். அப்பா உங்க பேரையும் சொல்லோணும்பா. எம்பேரா, எம்பேரு அந்த ஊருக்காரனுக்கு எதுக்கு என்று சிரித்தார், ஆனால் குழந்தைவேலுன்னு முழுசாச் சொல்லு, வேலுன்னு சுருக்கிப்போடாதே என்றார். அவர் பேரூராட்சியில் குடிநீருக்கு வால்வு திறக்கிறவராக முப்பத்தொரு வருஷம் இருந்தவர். ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார், எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும், தெருப் பெண்கள் அவரைத் திட்டாத நாளும் இல்லை, அவருக்குக் காப்பி கொடுக்காத நாளும் இல்லை. உங்கூர்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா உடறாங்க என்று கேட்டார் ஒருநாள். எந்நேரமும் வரும்பா. எந்நேரமுமா? அப்பறம் வால்வு திறக்கறவனுக்கு அங்க என்ன வேல என்றார், நிஜமாகவே கவலைப்பட்டார். எழுந்து நின்றேன். கோ ரங்கமலை தெ மௌங்கா. மலை சொன்னேன். கோ அமராவதி தெ அவா. ஆறு சொன்னேன், தண்ணீர் இல்லை என்பதைச் சொல்லவில்லை. கோ குழந்தைவேலு தோகு மதுவா. அப்பா பெயர் முழுசாக வந்தது, சுருக்கவில்லை, குரல் நடுங்கவில்லை, நெடில் எல்லாம் சரியாக இருந்தது. எதிர் வரிசையில் தலையை ஆட்டினார்கள். என் பேரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நல்லா சொன்னே ஈஷ் என்று கிரெய்க் என் முழங்காலைத் தட்டினான். இருக்கிற அப்பாவைச் சொல்வதுபோலத்தான் சொன்னேன், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்தது ஹோங்கி. வரிசையாகப் போய் ஒவ்வொருவரோடும் கைகொடுத்து, நெற்றியும் மூக்கும் தொட்டு, ஒரு மூச்சைச் சேர்ந்து விட வேண்டும், அவர் மூச்சும் உன் மூச்சும் கலந்துவிட்டால் நீ அந்நியன் இல்லை. இருபது பேராவது இருப்பார்கள். எனக்குத் தீட்டு. அதை இப்போதுதான் நினைக்கிறேனா, இல்லை, காலையில் பல் விளக்கும்போதே நினைத்தேன், நினைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். பதினாறு நாளைக்கு அடுத்த வீட்டுப் படி ஏறக் கூடாதவன் நான், ஒருத்தர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது, இங்கே மூக்கு மூக்காகத் தீட்டைக் கொடுத்துக்கொண்டு போகிறேன். நம்பிக்கை இருக்கிறதா உனக்கு இதிலெல்லாம் என்றால் இல்லை. இல்லையென்றால் ஏன் எண்ணுகிறாய், ஏழு, எட்டு. அதைவிட அந்தக் குளியல். புதன்கிழமை இங்கே மணி ஐந்து, கவுன்சில் கார் நிறுத்துமிடம், கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தனபால் நண்பன் யாரோ வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தான், கை ஆடியது, வானம் தெரிந்தது, வேலிக்காத்தான் தெரிந்தது, தனபால் தோளில் பானையோடு சுற்றி வந்தான், மொட்டையடித்திருந்தான். என் தலையில் முடி இருக்கிறது. கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போ என்று யாரோ அதட்டினார்கள், அவன் போனான், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கு யாரும் திரும்பு என்று சொல்லவில்லை. பிறகு சார்ஜ் தீர்ந்தோ என்னவோ அவன் பக்கம் அறுந்துவிட்டது. அக்காவின் செய்தி வந்தது. சுடுகாட்டுக்குப் போனவன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது, அவளைப் பொறுத்தவரை நானும் சுடுகாட்டுக்குப் போனவன்தான். நான் படித்தேன். மணி ஐந்து இருபது. கூட்டம் நடக்கிற மாடிக்குப் போனேன். வாசலில் பிஸ்கட் வைத்திருந்தார்கள், ஒன்று எடுத்துக் கடித்தேன், சாக்லேட். நாற்பது பேருக்கு முன்னால் வரைபடத்தைக் காட்டி, மாவோரி இடுகாட்டு வேலிக்கு வெளியே ஒன்பது மீட்டர் தள்ளித்தான் குழாய் போகிறது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று சொன்னேன். மறுநாள் காலை வழக்கம்போல ஷவரில் குளித்தேன், ஷாம்பூகூடப் போட்டேன். ஊத்திக்கிட்டேன் என்று அக்காவுக்கு எழுதியிருக்கலாம், பொய்யும் இல்லை. எழுத வரவில்லை, அது அலுவலகத்துக்குப் போகிற குளியல். பதினேழு, பதினெட்டு. கடைசியாக அந்தக் கிழவி, கூப்பிட்டவர், ஹுஹானா, மேரேனாவுக்குப் பெரியம்மா முறை. அவருடைய நெற்றி சூடாக இருந்தது. மற்றவர்களைவிட ஒரு மூச்சு கூடுதலாகப் பிடித்து வைத்திருந்தார். விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். "கையெல்லாம் இப்படிச் சில்லுனு இருக்கே" என்றார். குளிர்தான் என்றேன்.

டீ அப்புறம் என்றார் ஹுஹானா. சாப்பிட்டால் பேச்சு ஆரம்பித்துவிடும், பேச்சு ஆரம்பித்தால் எல்லோரும் வரைபடத்தைத்தான் பார்ப்பார்கள், முதலில் அவர்களை வந்து பாருங்கள். அவர்கள் என்றால் இடுகாட்டில் இருக்கிறவர்கள். உருபா என்று பெயர், மேட்டில் இருக்கிறது, கூடத்திலிருந்து பத்து நிமிஷ நடை. ஹுஹானா முன்னால் போகிறார், கிரெய்க் அவரோடு, நானும் மேரேனாவும் பின்னால். மேரேனா சும்மா வர மாட்டார், கதை சொல்லிக்கொண்டுதான் வருவார். பெரியப்பாவைப் பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனோம் என்றார், ஹுஹானாவின் வீட்டுக்காரரை. எங்களில் உடம்பைத் தனியாக விட மாட்டோம், கூடத்தில் நடுவில் வைத்துச் சுற்றிப் படுத்துக்கொள்வோம், பேசுவோம், பாடுவோம், அவர்மேல் இருக்கிற கோபத்தைக்கூட அவரிடமே சொல்வோம், மூன்று நாள். அவருக்கு ஐந்து நாள் ஆயிற்று. ஏன்? "கடைசிப் பையன் ஆஸ்திரேலியால சுரங்கத்துல இருந்தான். புயல், விமானம் இல்ல. அவன் வராம எப்படி மூடறது?" அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார், மழை பெய்ததால் குடை எடுத்துக்கொண்டோம் என்று சொல்கிற மாதிரி. நான் ம் என்றேன். வந்தானா என்று கேட்டேன். வந்தான், ஷூவெல்லாம் சேறு, அப்படியே வந்து படுத்துக்கொண்டான் என்றார். நான் இன்னொரு ம் போட்டேன். வியாழன் சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்கலாம். என் வழியில் புயல் இல்லை. சிங்கப்பூரில் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் புயல். பொதுமக்கள் கூட்டத்துக்காகத்தான் போகவில்லை என்று நான்கு நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுவும் பொய், கிரெய்க்கிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனே டிக்கெட் போட்டுக் கொடுத்திருப்பான். பயம். அந்த முகத்தைப் பார்க்கப் பயம். பெட்டியில் இருக்கிறபோதும் எழுந்து, எந்நேரமும் தண்ணி வருமா என்று கேட்பார் என்ற பயம். பதினொரு வருஷத்தில் இரண்டே தடவைதான் ஊருக்குப் போனேன், அதைக் கேட்க மாட்டார், தண்ணீரைத்தான் கேட்பார். மேட்டில் காற்று அடித்தது, காது வலித்தது, காது வலிக்கிறது என்று தெரிந்தது, அது மட்டும் தெரிந்தது.

வெள்ளை அடித்த மரவேலி, உள்ளே நாற்பது ஐம்பது கல்லறை, சிலதில் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டோ, சிலதில் காற்றாடி சுற்றுகிறது, ரக்பி பனியன் போர்த்திய ஒன்று. ஹுஹானா ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினார், எங்களையும் அறிமுகம் செய்தார், இவன்தான் குழாய்ப் பையன் என்று என்னைக் காட்டிச் சொல்லியிருக்க வேண்டும், மேரேனா சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு வேலியின் கீழ்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் வெளியே புல்லைக் காட்டினார். "வேலி எங்க ஆளுங்க போட்டதில்ல. எங்க பாட்டி காலத்துல கவுன்சில்காரங்க வந்து போட்டது. பெரிய காய்ச்சல் வந்த வருஷம் ஒரே வாரத்துல பதினாறு பேரு. குழி வெட்டவே ஆள் இல்ல. அவங்க எல்லாரும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. வேலி போட்டவங்க யாரையும் கேக்கல." எத்தனை தூரம் என்று கிரெய்க் கேட்டான். கிழவி குனிந்து வேலிச் சட்டங்களுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்து நடந்தார், நான் மனசுக்குள் எண்ணினேன், பழக்கம். நின்றார். எட்டரை, ஒன்பது மீட்டர். என் கோட்டுக்கு மேலேயே நின்றார். புதன்கிழமை சாயங்காலம் இந்த இடத்தைத்தான் விரலால் தொட்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று சொன்னேன், விரலில் பிஸ்கட்டின் சாக்லேட் ஒட்டியிருந்தது. கோட்டை மாற்றிவிடலாம் என்று என் வாய் சொன்னது. மேட்டைச் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கமாகக் கொண்டுபோகலாம், இருநூறு மீட்டர் கூடும், ஒரு பம்ப் வேண்டும், முடியும். கிரெய்க் என்னைத் திரும்பிப் பார்த்தான், எழுதி வைத்துக்கொள்கிறோம் என்று சொல்வதற்குத்தான் அவன் தயாராக வந்திருந்தான். பார்க்கட்டும். கிழவி தலையை ஆட்டினார், நன்றி சொல்லவில்லை, நன்றிக்கு இதில் என்ன இருக்கிறது.

வாசலில் ஒரு குழாய். இடுகாட்டிலிருந்து வெளியே போகிற எவரும் கை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டுதான் போக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது கூடவே வந்துவிடும், அதுவும் வகுப்பில் படித்ததுதான். வகுப்பில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லையா, எங்கள் ஊரிலும் இதேதான் என்று கையைத் தூக்கிச் சொல்லியிருக்கிறேன், மேரேனா அதைப் பலகையில்கூட எழுதினார். ஹுஹானா விரல்களை நனைத்து நெற்றியில் விட்டுக்கொண்டார். மேரேனா. கிரெய்க் கையைக் கழுவுவதுபோலக் கழுவினான். என் முறை. குழாயின் திருகு இறுக்கமாக இருந்தது, வாஷர் போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது, அப்பாவாக இருந்தால் மடியிலிருந்து ஒரு துண்டு சைக்கிள் ட்யூபை எடுத்துச் சுற்றி அப்போதே சரி செய்துவிட்டுத்தான் நகர்ந்திருப்பார். கையை வைத்தேன். தண்ணீர் கத்திபோல இருந்தது. தெளித்துக்கொள்ள வேண்டும், இரண்டு துளி, அப்புறம் டீ, அப்புறம் வரைபடம். திருகை இன்னும் திறந்தேன், முழுசாகத் திறந்தேன். குனிந்து தலையை அடியில் கொடுத்தேன். நான் கொடுத்தேன் என்பதுகூடச் சரியில்லை, தலை போயிற்று. உச்சியில் விழுந்தது, காதில் விழுந்தது, காலருக்குள் இறங்கி முதுகு முழுக்கப் போயிற்று, மூச்சு நின்றது, கோட் கனத்தது, டை நனைந்து மார்பில் ஒட்டியது. கிரெய்க் ஏதோ சொன்னான், ஈஷ் என்ன பண்றே என்றிருக்கலாம், மேரேனா அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னது கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வலித்தது. நன்றாக வலித்தது. நிமிர்ந்தபோது பற்கள் அடித்துக்கொண்டன, கிழவி என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். குளிர்தான் என்று இப்போது சொல்ல முடியாது.

"யாரு?" என்று கேட்டார்.

"அப்பா."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

அவர் விரலை மடக்கி எண்ணவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "இந்தச் செவ்வாயா? அப்ப நீ இங்க ஏன் நின்னுக்கிட்டிருக்கே?"

அதற்குத்தான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். விமானம், தூரம், கூட்டம், எல்லாம் வரிசையாக இருந்தது. எடுத்துருங்கன்னு நான்தான் சொன்னேன் என்று தமிழில் சொன்னேன், அவருக்கு எப்படிப் புரியும், புரிந்ததுபோலத் தன் போர்வையைக் கழற்றி என் தலையில் போட்டு முடியைத் துவட்டினார், குழந்தையைத் துவட்டுவதுபோல இல்லை, ஆத்திரத்தோடுதான் துவட்டினார், காது எரிந்தது. "கூட்டிக்கிட்டு வாங்கன்னு கத்திக் கூப்பிட்டேனே. அவரை வாசல்லயே நிக்க வெச்சுட்டு வந்திருக்கே. பேரை மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டே." என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "உங்க வழக்கத்துல இனிமே ஒண்ணும் இல்லயா?" பதினாறாம் நாள் கருமாதி இருக்கிறது, இன்னும் பதினொரு நாள் என்றேன். அவர் கிரெய்க்கைத் திரும்பிப் பார்த்தார். "குழாய் பதினொரு நாள் காத்திருக்கும், இல்லயா?" கிரெய்க், ஆறு மாதமாக நெடில் வராதவன், ஆமாம் என்பதற்கு மாவோரியில் ஆஏ என்று சொன்னான், சரியாகவே நீட்டினான். அப்போதுதான் எனக்கு வந்தது. எங்கிருந்தோ வயிற்றுக்கடியிலிருந்து வந்தது, ஊளை என்றுதான் சொல்ல வேண்டும், நாற்பத்திரண்டு வயதுக்காரன் கவுன்சில் அட்டை கழுத்தில் தொங்க இடுகாட்டு வாசலில் நின்று ஊளையிட்டேன். அந்தக் கிழவி என் அழுகைமேலேயே தன் குரலை எடுத்தார், காலையில் எடுத்த அதே குரல், அதில் குழந்தைவேலு என்ற பெயர் இருந்தது, முழுசாக இருந்தது.

ஓய்ந்த பிறகு போனை எடுத்தேன். ஈர விரலுக்குத் திரை வழிவிடவில்லை, எங்கே தொட்டாலும் வேறெங்கோ போயிற்று. போர்வையின் ஓரத்தில் விரலைத் துடைத்துக்கொண்டேன். ஊரில் காலை ஆறு மணி இருக்கும், அக்கா எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள். இப்பத்தான் ஊத்திக்கிட்டேன் என்று எழுதி அனுப்பினேன். இரண்டு கோடு விழுந்து உடனே நீலமாயிற்று. வர்றேன் என்று இன்னொன்றும் அனுப்பினேன். அக்கா எதையோ எழுதினாள், நிறுத்தினாள், மறுபடி எழுதினாள். செரி, நல்லாத் தொவட்டிக்கோ, சளி புடிச்சுக்கும் என்று வந்தது.